தொண்ணூற்றிரண்டரை

சென்ற வாரம் இங்கே ஒரு படத்தை இட்டு, அதன்கீழ் ஒரு சொல்லும் எழுதாமல் விட்டிருந்தேன். கண்ணாடிக் குடுவையில் நீலநிறத் திரவம். அடியில் தயிர்போலத் திரண்ட வெண்மை. அழகாக இருக்கிறது என்று பலர் எழுதினார்கள். ஆய்வேட்டுக்கான சோதனையா என்று சிலர் உள்பெட்டியில் கேட்டார்கள். இல்லை. அந்தக் குடுவையில் கரைந்திருந்தது என் அம்மாவின் கொலுசிலிருந்து அறுந்துபோன ஒரு வளையம். நீலம் கொஞ்சம் இருக்கவேண்டியதுதான்; அவ்வளவு இருந்திருக்கக் கூடாது. கேட்டவர்களுக்கு விளக்கம் சொல்லத் தொடங்கி இது நீண்டுவிட்டது. பொறுமை உள்ளவர்கள் தொடரலாம்.

நான் கோலார் தங்கவயலில் பிறந்தவள். வட ஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்த குடும்பம். அப்பாவின் அப்பா முதலில் வந்தார், பிறகு அப்பா. அப்பா வேலை பார்த்தது சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்று அது. தங்கம் தோண்டிய ஊர் என்பதால் எங்கள் வீடுகளில் தங்கம் நிறைந்திருக்கும் என்று கல்லூரித் தோழிகள் நினைத்ததுண்டு. அம்மாவிடம் தாலியில் கோத்த இரண்டு குண்டுகள் மட்டுமே தங்கம், மற்றதெல்லாம் வெள்ளி. அப்பா வாழ்நாளெல்லாம் வெட்டியது கல்லைத்தான். ஒரு டன் கல்லில் கண்ணுக்குத் தெரியாமல் சில கிராம் ஒளிந்திருக்கும் பொருளை அவர் பார்த்ததாகச் சொன்ன நினைவே எனக்கில்லை. ஆயினும் வேலை முடிந்து மேலே வந்ததும் அவரையும் உடன் வந்தவர்களையும் நிறுத்திச் சோதித்த பிறகே வெளியே விட்டார்கள்.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அப்போது எனக்கு ஆறு வயது. பிறகு கைக்கு வந்த பணத்தில் கடனை அடைத்து, அண்ணனின் படிப்புக்கு ஒதுக்கி, மிஞ்சியதில் அப்பா ஒரே ஒரு வீண்செலவு செய்தார். வீண்செலவு என்று சொன்னது அம்மாதான். மாரிக்குப்பத்தில் ரயிலேறி எங்கள் எல்லோரையும் பெங்களூருக்கு அழைத்துச் சென்று, கண்ணாடிக் கதவு போட்ட ஒரு நகைக்கடையில் அம்மாவுக்குக் கொலுசு வாங்கினார். கடையின் பெயர் இங்கே வேண்டாம். கடைக்காரர் கொலுசை அம்மாவின் காலருகே பிடித்து, "தொண்ணூத்திரண்டரை டச்சும்மா, ஏமாத்து வேலை கிடையாது" என்றார். டச் என்றால் என்னவென்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் எண் மனத்தில் தங்கிவிட்டது. பள்ளியில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கினாலே கைதட்டுவார்கள். இது அதற்கும் மேலே இரண்டரை. துண்டுச் சீட்டில் அவர் எழுதியது இவ்வளவே: வெள்ளிக் கொலுசு, 1 ஜோடி, 124 கிராம். அந்த எண்ணை அவர் எழுதவில்லை.

அப்பா 2012இல், சுரங்கத்தூசி நுரையீரலில் விட்டுப்போன இருமலோடு போனார். அம்மா கொலுசைக் கழற்றவில்லை. உறவினர் சிலர் முகம் சுளித்தார்கள். அம்மா காதில் வாங்கவில்லை.

இந்த ஆண்டு அண்ணன் மகளுக்கு முதல் பிறந்தநாள் வந்தது. வெள்ளி கிலோ லட்ச ரூபாயைக் கடந்துபோன காலம். புதிதாக வாங்க அண்ணனிடம் பணமில்லை என்பது அம்மாவுக்குத் தெரியும். தன் கொலுசை உருக்கிப் பேத்திக்குச் செய்துவிடலாம் என்று முடிவெடுத்தார். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கடைக்குக் கொண்டுபோனபோது, அங்கிருந்த இளைஞன் கல்லில் உரசிப் பார்த்து, "அறுபது டச்சு வரும், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டான். அம்மா அவனை நம்பவில்லை. அன்றிரவு என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

"பாப்பா, நீ உலோகம்தானே படிக்கிற. உங்க காலேஜுல பெரிய மெஷினெல்லாம் இருக்குன்னு சொல்லுவியே. இது வெள்ளியா இல்லையான்னு பாத்துச் சொல்லு. அந்தப் பையன் பொய் சொல்றான்."

நான் ஆய்வு செய்வது அலுமினியக் கலப்புலோகங்களில். வெள்ளியை நான் பாடப்புத்தகத்தில் மட்டுமே தொட்டவள். ஆனால் என் ஆய்வேட்டின் மையமான நிகழ்வும், அம்மாவின் காலில் கிடந்ததாகச் சொல்லப்பட்ட பொருளின் மையமான நிகழ்வும் ஒன்றே என்பது, அந்த அழைப்புக்குப் பிறகு புத்தகங்களைப் புரட்டியபோதுதான் உறைத்தது.

ஸ்டெர்லிங் வெள்ளி என்பது ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளியும் மீதி 75 பங்கு பிற உலோகமும் கொண்ட கலவை. அந்தப் பிற உலோகம் பெரும்பாலும் செம்பு. சுத்த வெள்ளி இருக்கும்போது ஏன் செம்பைச் சேர்க்கவேண்டும்? மலிவாக விற்கத்தான் என்பது பலரது எண்ணம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. உண்மையில், சுத்த வெள்ளி நகைக்கு ஆகாத அளவுக்கு மென்மையானது. உலோகத்தின் உறுதியை வைரமுனையால் அழுத்தி அளக்கும் விக்கர்ஸ் அளவையில், சூடுகாட்டி இளக்கிய சுத்த வெள்ளி ஏறத்தாழ 25 காட்டும். அதே நிலையில் ஸ்டெர்லிங் 65, 70 என்று காட்டும். வெறும் 7.5 விழுக்காடு செம்பு செய்யும் வேலை இது.

காரணம் அணுக்களின் அளவில் இருக்கிறது. செம்பின் அணு வெள்ளியின் அணுவைவிடச் சுமார் 12 விழுக்காடு சிறியது. ஒரே அளவான கற்களை அடுக்கிய சுவரில் ஆங்காங்கே சிறு கல்லைச் செருகினால் வரிசை கோணுவதுபோல, வெள்ளியின் ஒழுங்கான அடுக்கு செம்பு நுழைந்த இடத்திலெல்லாம் கோணுகிறது. உலோகம் வளைவது என்றால், அணுக்களின் தளங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவது என்று பொருள். கோணிய அடுக்கில் வழுக்கல் எளிதன்று. கொலுசு காலில் நெளியாமல் நிற்கிறது.

இன்னும் ஒன்று. தங்கமும் வெள்ளியும் எந்த விகிதத்தில் கலந்தாலும் ஒன்றில் ஒன்று கரைந்து ஒரே திடப்பொருளாகும். வெள்ளியும் செம்பும் அப்படியல்ல. உருகிய நிலையில் ஒட்டி உறவாடும், உறைந்ததும் பிரிந்துகொள்ளும். சுமார் 780 டிகிரி செல்சியசில் திட வெள்ளி தன்னுள் ஏற்கக்கூடிய செம்பின் உச்சவரம்பு 8.8 விழுக்காடு. வெப்பம் குறையக் குறைய அந்த வரம்பு சரிந்து, அறைவெப்பத்தில் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே போய்விடும். ஸ்டெர்லிங்கின் 7.5 இந்த உச்சவரம்புக்குச் சற்றே உள்ளே உட்கார்ந்திருக்கிறது. அதனால் அதைச் செந்தணலாகக் காய்ச்சித் தண்ணீரில் சட்டென்று முக்கினால், செம்பு பிரிந்துபோக நேரமில்லாமல் உள்ளேயே சிறைப்படும். பொருள் மெழுகுபோல் இணங்கும். வேலையெல்லாம் முடித்துவிட்டு 300 டிகிரியில் ஏறத்தாழ ஒரு மணிநேரம் வைத்தால், சிறைப்பட்ட செம்பு கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாகப் பிரிந்து உள்ளேயே முளைவிடும். கடினத்தன்மை 120ஐயும் தாண்டும். அலுமினியத்தில் இதே நிகழ்வைத்தான் நான் ஐந்து ஆண்டுகளாக நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வியப்பு என்னவென்றால், இந்த எண்ணைத் தேர்ந்தவர்களுக்கு அணுவும் தெரியாது, கட்ட வரைபடமும் தெரியாது. இது இடைக்கால இங்கிலாந்தின் நாணயக் கணக்கு. ஒரு டிராய் பவுண்டுக்கு 12 அவுன்ஸ், ஓர் அவுன்ஸுக்கு 20 பென்னிவெயிட், ஆக 240. அதில் 11 அவுன்ஸ் 2 பென்னிவெயிட், அதாவது 222 பங்கு, வெள்ளியாக இருக்கவேண்டும் என்பது வழக்கு. 222ஐ 240ஆல் வகுத்துப் பாருங்கள்: 0.925. தேய்ந்துபோகாத, அதே நேரத்தில் மதிப்புக் குறையாத காசு எது என்று கைப்பழக்கத்தால் கண்டுகொண்ட இடம், இயற்கை வகுத்த வரம்புக்கு அருகிலேயே வந்து நின்றிருக்கிறது.

அந்த எண்ணைக் காப்பாற்ற அவர்கள் பட்ட பாடு பெரிது. 1124இல் முதலாம் ஹென்றி, காசில் கலப்படம் செய்த நாணயக்காரர்களின் வலக்கையை வெட்ட ஆணையிட்டான். 1300இல் முதலாம் எட்வர்டின் சட்டம், வெள்ளிப் பாத்திரமும் நகையும் நாணயத்தின் தரத்துக்குக் குறையக் கூடாது என்றது. சோதித்துத் தேறியவற்றில் சிறுத்தைத் தலை முத்திரை குத்தப்பட்டது. 1478 முதல் அந்தச் சோதனை இலண்டன் பொற்கொல்லர் கூட்டமைப்பின் மண்டபத்திலேயே நடந்தது. மண்டபத்தில் குத்திய குறி என்பதால்தான் அது ஹால்மார்க்.

ஸ்டெர்லிங் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்பதில் அறிஞரிடையே பூசல் உண்டு. நார்மன் காலத்துக் காசுகள் சிலவற்றில் சிறு விண்மீன் பொறித்திருந்ததால், சிறுமீன் என்ற பொருளில் வந்தது என்பது ஒரு கருத்து. இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருந்தேன். நாம் அந்த உலோகத்துக்கும் விடியற்காலையில் முளைக்கும் கோளுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். காரணமில்லாமலில்லை. மெருகேற்றிய வெள்ளி, கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் 95 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது; வேறெந்த உலோகமும் அவ்வளவு அனுப்புவதில்லை. 7.5 செம்பு அந்த வெண்மையைக் கண்ணுக்குத் தெரியும்படி கெடுப்பதில்லை. நிக்கலைச் சேர்த்தால் பலருக்குத் தோல் அரிக்கும். செம்பைவிட நல்ல துணை வெள்ளிக்கு எளிதில் வாய்க்கவில்லை.

கருவியைத் தொடுமுன், இவ்வுலோகத்தோடு வாழும் ஒருவரிடம் பேசவேண்டும் என்று தோன்றியது. நகரத்பேட்டைச் சந்தொன்றில், மாடிப்படிக்குக் கீழே பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரை ஆய்வகத் தோழி அறிமுகப்படுத்தினாள். மூன்று தலைமுறையாக பெங்களூர். அவர் தமிழில் பாதி கன்னடம். தாள் விரித்ததுபோல் நான் மேலே சொன்னதையெல்லாம் சொல்லி முடித்ததும், கம்பியச்சில் வெள்ளிக் கம்பியை இழுத்துக்கொண்டே சிரித்தார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. சுத்த வெள்ளியில கொக்கி போட்டா ரெண்டு மாசத்துல வாயத் திறந்துடும். கொலுசு ரோட்டுல விழும். பொம்பள வீட்டுக்கு வந்துதான் பாப்பா. அதுக்குத்தான் செம்பு."

அவர் வேலையைப் பார்த்த ஒரு பிற்பகல், எனக்கு ஓராண்டுப் பாடத்துக்குச் சமம். கம்பியை அச்சின் நான்கு துளைகளில் இழுத்தபின் அது முரண்டுபிடிக்கும். தணலில் காட்டி இளக்கவேண்டும். எவ்வளவு சூடு என்று கேட்டேன். விளக்கை அணைத்தார். இருட்டில் கம்பி மங்கிய சிவப்பாகத் தெரிந்த கணத்தில் எடுத்துத் தண்ணீரில் போட்டார். இன்னும் சற்றுப் பொறுத்திருந்தால் உருகியிருக்கும்; ஸ்டெர்லிங் 800 டிகிரியை ஒட்டி இளகத் தொடங்கிவிடும், சுத்த வெள்ளியோ 962 வரை தாங்கும். பற்றவைக்கும்போது வெங்காரத்தைக் குழைத்துத் தடவினார். வெள்ளி காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேராது. ஆனால் உள்ளிருக்கும் செம்பு சேரும். அனல் பட்டதும் மேல்தோலுக்கு அடியில் செம்பு ஆக்சைடாகி ஊதாநிற மச்சம் படரும். அதை எடுக்க அராவவேண்டும், அல்லது வெங்காரம் பூசி வராமலே தடுக்கவேண்டும்.

வீட்டில் வெள்ளி கருத்துப்போவது வேறு கதை. அது துரு அல்ல. காற்றில் மிகச் சிறிதளவே கலந்திருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வெள்ளியோடு சேர்ந்து உண்டாக்கும் கருமை. முட்டை, கம்பளி, ரப்பர் எல்லாவற்றிலும் கந்தகம் உண்டு. வெள்ளி நகையை ரப்பர் பட்டையால் சுற்றி வைப்பவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். கருத்ததைச் சாம்பல் போட்டுத் தேய்த்தால் கறுப்போடு வெள்ளியும் போகும். பாத்திரத்தில் அலுமினியத்தாள் விரித்து, சமையல் சோடா கரைத்த வெந்நீரில் நகை தாளைத் தொடும்படி வைத்தால், கந்தகம் அலுமினியத்துக்கு மாறிவிடும். வெள்ளி வெள்ளியாகவே திரும்பும். கல் பதித்தவற்றை இப்படிச் செய்யாதீர்கள்.

கிளம்பும்போது, 62, 70 என்று கலப்பவர்கள் இருக்கிறார்களே என்று கேட்டேன். பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை. "நானும் அறுபத்தஞ்சுல செஞ்சிருக்கேன். கிராமத்துல பணம் கம்மியா இருக்கறவங்க கேப்பாங்க. அறுபத்தஞ்சுன்னு சொல்லி, அறுபத்தஞ்சுக்குத்தான் காசு வாங்குவேன். செம்பு போடாம நான் நகை செஞ்சதில்ல. எவ்வளவு போட்டேன்னு மறைச்சும் செஞ்சதில்ல."

அன்றுவரை என் மனத்தில் இருந்த கேள்வி, கொலுசு எவ்வளவு சுத்தம் என்பது. படியிறங்கும்போது கேள்வி மாறியிருந்தது. 92.5 என்பது சுத்தத்தின் அளவு மட்டுமன்று. எவ்வளவு கலந்திருக்கிறோம் என்று வாங்குபவரிடம் ஒப்புக்கொள்ளும் கணக்கு. எழுபத்தைந்து பங்கு செம்பை வெளிப்படையாகச் சொல்லிச் சேர்த்த உலோகத்துக்குத்தான் அந்தப் பெயர். அம்மாவின் கொலுசில் செம்பு இருப்பதில் குற்றமில்லை. கேட்டு வாங்கியதைவிட அது கூடுதலாக இருந்தால், அந்தக் கூடுதல் எங்கள் வீட்டிலிருந்து போனது.

நெறியாளரிடம் அனுமதி பெற்று, ஒரு சனிக்கிழமை மாலை எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவியில் கொலுசை வைத்தேன். பொருளைச் சேதப்படுத்தாமல், எந்தத் தனிமம் எவ்வளவு என்று சொல்லும் கருவி. மேற்பரப்பில் 78 காட்டியது. சிறிது மகிழ்ந்தேன். பிறகு, இருபத்துநான்கு ஆண்டுகள் கணுக்காலில் உரசி மழமழத்துப்போன உட்பக்கத்தில் வைத்தேன். 63. மறுபடி வேறோர் இடத்தில். 61.

கருவி பொய் சொல்லவில்லை. அது மேல்தோலை மட்டுமே பார்க்கும். குறைந்த தரமுள்ள கலவையைச் சூடாக்கி அமிலத்தில் போட்டெடுத்தால், மேலேயுள்ள செம்பு மட்டும் கரைந்து போய், வெள்ளி மிகுந்த ஒரு தோல் மிஞ்சும். அதன்மேல் மெல்லிய வெள்ளிமுலாமும் பூசினால் கடையின் விளக்கொளியில் எவராலும் வேறுபாடு காணமுடியாது. 1920இல் இங்கிலாந்து தன் வெள்ளிக்காசின் தரத்தைப் பாதியாகக் குறைத்தபோது, புதுக்காசு வெண்மையாகவே இருந்தது. கைமாறித் தேய்ந்த பிறகே மஞ்சள் எட்டிப்பார்த்தது. உட்பக்கம் ஏன் எப்போதும் சற்று மங்கல் என்று அம்மா கேட்டதும், வியர்வைக் காலத்தில் காலில் பச்சைக்கோடு விழுந்ததும் இப்போது நினைவுக்கு வந்தன.

ஆனாலும் தோலைப் பார்க்கும் கருவியை மட்டும் நம்பி அம்மாவிடம் பேச மனமில்லை. அறுந்துபோன வளையங்களைப் பழைய சீட்டோடு ஒரு தகரடப்பாவில் அம்மா சேர்த்து வைத்திருந்தார். பற்றவைப்பு படாத துண்டொன்றை அரை கிராமுக்கு நறுக்கி, நைட்ரிக் அமிலத்தில் போட்டேன். வெள்ளி கரைந்தால் நிறமில்லை. செம்பு கரைந்தால் நீலம். உண்மையான ஸ்டெர்லிங் கரைந்தாலும் வெளிறிய நீலச்சாயல் வரும். இது வந்த வேகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு உப்புநீரைச் சொட்டுச்சொட்டாக விட்டேன். ஒவ்வொரு சொட்டுக்கும் வெள்ளி குளோரைடு வெண்மேகமாகத் திரண்டு அடியில் இறங்கியது. 1830களில் பாரிஸ் நாணயச்சாலைக்காக கே-லுசாக் வகுத்த முறையும் இந்த உப்புநீரையே நம்பியது. அவர் உப்புநீரை அளந்தார், நான் படிவை எடைபோட்டேன். வடிகட்டி, இருட்டில் உலர்த்தி நிறுத்தபோது 0.412 கிராம். அதில் வெள்ளி 0.310. அரை கிராமுக்கு 62 விழுக்காடு.

படம் எடுத்தது அப்போதுதான். ஏன் எடுத்தேன், ஏன் இங்கே இட்டேன் என்று கேட்டால் என்னிடம் நல்ல விடை இல்லை. அழகாக இருந்தது என்பதும் உண்மைதான்.

கணக்கையும் அங்கேயே போட்டேன். தேய்ந்தும் உதிர்ந்தும் கொலுசு இப்போது 118 கிராம். சொன்னபடி இருந்திருந்தால் அதில் 109 கிராம் வெள்ளி. இருப்பது 73. முப்பத்தாறு கிராம் குறைகிறது.

ஊருக்குப் போகும்போது இன்னொன்றையும் சோதித்து எடுத்துப்போனேன். ஆயாவின் தண்டை. ஜோடியில் ஒன்று எப்போதோ அடகில் மூழ்கிப்போக, எஞ்சிய ஒன்றை அம்மா கொலுசோடு சேர்த்துக் கொடுத்திருந்தார். தாத்தாவுக்குக் கூலியாக வந்த வெள்ளி ரூபாய்களைச் சேர்த்துப் பத்தரிடம் உருக்கிச் செய்தது என்று கேள்வி. அதன் அளவீடு 91.2. இது வியப்பல்ல. 1835 முதல் 1940 வரை இந்திய ரூபாயில் பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி, அதாவது 91.67 விழுக்காடு. ஸ்டெர்லிங்குக்கு ஒரு மயிரிழை கீழே. காசையே உருக்கி நகை செய்யும் வழக்கம் நாடெங்கும் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்: தரம் இன்னதென்று காசு முன்பே சொல்லிவிடும், பத்தரும் வாங்குபவரும் வாதிட வேண்டியதில்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஆயா ஏமாறவில்லை. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்துக் கண்ணாடிக் கதவு திறந்து உள்ளே போனவர்கள் ஏமாந்தார்கள்.

அம்மாவிடம் சொல்லத்தான் வேண்டுமா என்று மாரிக்குப்பம் வரும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன். எண்பது என்று சொல்லிவிட்டு, குறையும் வெள்ளியை என் உதவித்தொகையில் வாங்கிச் சேர்த்துவிடலாம். அவருக்குத் தெரியவே தெரியாது. அப்பாவின் ஒரே வீண்செலவு அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு மனம் சொன்னது. ஆனால் சொன்ன எண் ஒன்று, உள்ளிருப்பது வேறொன்று என்பதுதானே இந்த வழக்கு. நானும் அதே காரியத்தைச் செய்ய ரயிலேறி வந்தேனா?

சொன்னேன். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"அப்ப அந்தப் பையன் சொன்னது சரிதான்" என்றார். சிறிது நேரம் கழித்து, "உங்கப்பாவ தினமும் சட்டையக் கழட்டிச் சோதிச்சாங்க, பாப்பா. கடைக்காரன ஒருத்தரும் சோதிக்கல" என்றார். பிறகு முறத்தைத் தட்டி வைத்துவிட்டு, கொலுசைக் கையில் வாங்கி உட்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். "ஆனா நெளியவே இல்ல பாரு."

நெளியாது. 62இல் செம்பும் வெள்ளியும் தனித்தனித் திட்டுகளாக உறைந்திருக்கும், ஸ்டெர்லிங்கைவிடக் கடினம். இதை அம்மாவுக்கு விளக்கினேன். ஏன் விளக்கினேன் என்று தெரியவில்லை. கேட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் அம்மாவை நகரத்பேட்டைக்கு அழைத்துப் போனேன். பெரியவர் கொலுசைக் குகையில் போடுமுன் ஒருமுறை அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையசைத்தார். பழையதைச் சுத்திகரிக்கக் கொடுத்து, அதற்கீடான வெள்ளியில் குழந்தைக்கு நாற்பது கிராமில் ஒரு ஜோடி. மீதிக்கு அம்மாவுக்கே மெல்லிய ஒரு ஜோடி. மறுக்கப் பார்த்தார், நான் விடவில்லை. பழைய கொலுசின் முத்து ஒன்றைப் பேத்தியின் கொலுசில் பற்றவைக்கச் சொன்னார் அம்மா. பெரியவர் மறுத்துவிட்டார். "சேத்தா சோதனையில மொத்தமும் குறையும்மா. முத்திரை கிடைக்காது." அந்த முத்தைத் தனியே கழற்றிக் கையில் கொடுத்தார். குழந்தையின் அரைஞாண் கயிற்றில் அது இப்போது கிடக்கிறது.

முத்திரைக்கு அனுப்பியது நான் வற்புறுத்தியதால். தங்கத்துக்கு ஹால்மார்க் கட்டாயமாகிவிட்டது. வெள்ளிக்கு இன்னும் விற்பவர் விருப்பம்தான். 2025 செப்டம்பர் முதல் வெள்ளிக்கும் ஆறு எழுத்தும் எண்ணும் கொண்ட தனி அடையாளம் வந்திருக்கிறது; அதைச் செயலியில் இட்டால் தரம் தெரியும். கேட்டால்தான் குத்துவார்கள். கேளுங்கள்.

கொலுசு வந்த அன்று அம்மா முதலில் கையில் எடுத்தது கொலுசை அல்ல, இரசீதை.

"எவ்வளவுன்னு போட்டிருக்கு?"

"925."

"எழுதியிருக்கா? வாயால சொன்னதில்லையே?"

"எழுதியிருக்கு. இதோ, கொலுசுலயும் குத்தியிருக்கு."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த மூன்று எண்களையும் பார்த்தார். பிறகு இரசீதை நான்காக மடித்து, 2001ஆம் ஆண்டுச் சீட்டு கிடக்கும் அதே தகரடப்பாவில் வைத்து மூடினார்.